தும்மலும் தூக்கமும்

இங்கிலாந்து தேசத்தில் ஜூன் மாதம் மிக இனிய மாதம். நெடிய குளிர்காலம் நீங்கி, பொழுது நீண்டு, புல்வெளிகளெல்லாம் பூத்து நிற்கும் பருவம் அது. நம் நாட்டிலே புல் பூப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை; அறுகும் கோரையும் பூக்கின்றன என்பதையே நம்மிற் பலர் கவனித்திருக்கமாட்டோம். ஆனால் அந்நாட்டில் புல் பூத்தால் இலட்சக்கணக்கானோருக்கு மூக்கில் நீர் வழியும். கண் சிவந்து அரிக்கும். தும்மல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். புல் பூத்து ஓய்ந்ததும் இவையும் ஓய்ந்துவிடும். மறு ஆண்டு அதே மாதத்தில், நாட்காட்டி பார்த்து வருகிற விருந்தாளி போல, மீண்டும் வந்து நிற்கும். அந்த மே, ஜூன் மாதங்களில்தான் அந்நாட்டுப் பதினாறு வயது மாணவர்கள் தங்கள் பொதுப் பரீட்சையை எழுதுகின்றனர். இச்செய்தியை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இந்நோய்க்கு ஆங்கிலத்தில் 'ஹே ஃபீவர்' என்று பெயர். உலர்ந்த புல்லால் வரும் காய்ச்சல் என்பது அதன் பொருள். பெயரில் உள்ளவை இரண்டே சொற்கள், இரண்டும் பிழை. உலர்ந்த புல் இதற்குக் காரணமன்று, பூத்த புல்லே காரணம். காய்ச்சலோ இதில் இல்லவே இல்லை. ஆயினும் வழக்கில் விழுந்த பெயரை மாற்றுவது எளிதா? நாம் இதனைப் பருவ ஒவ்வாமை என்று வழங்குவோம்.

1819-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து மருத்துவ சங்கம் ஒன்றின் கூட்டத்தில் ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர் ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதிப் படித்தார். சிறு வயது முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால் அந்நோயாளிக்குக் கண் எரியும், மூக்கு ஒழுகும், மார்பு இறுகும். இரத்தம் வடித்துப் பார்த்தாயிற்று, அபின் கொடுத்துப் பார்த்தாயிற்று, குளிர்ந்த நீரில் குளிக்கச் செய்தும் பார்த்தாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லை. அந்த நோயாளி பாஸ்டாக்கேதான். 1828-ஆம் ஆண்டில் அவர் இரண்டாவது கட்டுரை ஒன்றை எழுதினார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் தம்மைப் போன்றவர்கள் என்று அவர் தேடித் திரட்டிய வரலாறுகள் 28 மட்டுமே. இன்று அந்நாட்டின் பெரிய பள்ளி ஒன்றிலேயே அதற்கு மேற்பட்டோரைக் காணலாம். நோயைக் கண்டு சொன்னவர் காரணத்தைக் காணவில்லை. கோடை வெப்பமே காரணம் என்று அவர் எண்ணினார்.

காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி. இவரும் அதே நோயால் வருந்தியவர். தம் உடம்பையே ஆராய்ச்சிக் கூடமாக ஆக்கிக்கொண்டவர். புல்லின் மகரந்தத்தை மூக்கில் இட்டுப் பார்த்தார், தும்மல் வந்தது. கையில் சிறிது கீறி அதன்மேல் வைத்துப் பார்த்தார், தோல் தடித்தது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் எத்தனை மகரந்தத் துகள்கள் ஒட்டுகின்றன என்று நாள்தோறும் எண்ணினார். போதாக்குறைக்குப் பட்டம் ஒன்றில் அத்தகடுகளைக் கட்டி ஆயிரம் அடிக்கு மேலே பறக்கவிட்டு, அங்கும் மகரந்தம் உண்டு என்று காட்டினார். 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலுக்குப் பின்னர், குற்றவாளி வெயில் அன்று, மகரந்தமே என்பது தெளிவாயிற்று. பட்டம் விடுவதை வீண்பொழுது என்று சொல்லும் பெரியவர்களுக்கு நீங்கள் பிளாக்லியை மேற்கோள் காட்டலாம்.

மகரந்தம் நஞ்சு அன்று. பக்கத்தில் நிற்பவர் அதே காற்றைச் சுவாசித்துச் சுகமாக இருக்கிறார். தீங்கற்ற அத்துகளைப் பகைவன் என்று தவறாகக் கொண்டு போர்முரசு கொட்டிவிடுவது சிலருடைய உடற்காவல்தான். அவர்களுடைய மூக்கிலும் கண்ணிலும் 'மாஸ்ட்' அணுக்கள் என்னும் காவலர்கள் உளர். ஒவ்வோர் அணுவினுள்ளும் சிறுசிறு பொட்டலங்கள். அப்பொட்டலங்களில் ஹிஸ்டமின் என்னும் இரசாயனப் பொருள். மகரந்தம் வந்து ஒட்டியதும் பொட்டலங்கள் உடைகின்றன; ஹிஸ்டமின் வெளிப்படுகின்றது. அது நரம்பு முனையைத் தொட்டால் அரிப்பும் தும்மலும் உண்டாகும். இரத்தக் குழாயைத் தொட்டால் குழாய் விரிந்து நீர் கசியும். ஹிஸ்டமினின் இச்செயல்களை 1910-ஆம் ஆண்டில் ஹென்றி டேலும் அவர்தம் துணைவர் லெயிட்லாவும் விரிவாக ஆராய்ந்து எழுதினர். அது நம் உடம்பிலேயே இயல்பாக உள்ள பொருள் என்பது 1927-இல் ஐயமற நிறுவப்பட்டது.

அங்ஙனமாயின் ஹிஸ்டமினை முறிக்கும் மருந்து ஒன்று கிடைத்தால் தும்மல் நிற்குமன்றோ? பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே என்பவரும் ஆன்-மரீ ஸ்டோப் என்னும் அம்மையாரும் 1937-இல் அத்தகைய பொருள் ஒன்றைக் கண்டனர். ஹிஸ்டமினால் இறந்துபோக வேண்டிய கினிப் பன்றிகளை அது காத்தது. ஆனால் மனிதருக்குக் கொடுக்கத் தகாத அளவு நச்சுத்தன்மை அதற்கு இருந்தது. அவ்வழியே சென்று, மனிதருக்குக் கொடுக்கத்தக்க முதல் மருந்தை 1942-இல் பிரான்ஸ் நாட்டிலேயே கண்டனர். 1946-இல் டைஃபென்ஹைட்ரமின் அமெரிக்க மருந்துக் கடைகளுக்கு வந்தது. போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். நம் ஊர்க் கடைகளில் நெடுங்காலமாக விற்கும் குளோர்ஃபெனிரமினும், அவில் என்னும் பெயரால் எல்லோரும் அறிந்த ஃபெனிரமினும் இக்குடும்பத்தைச் சேர்ந்த மூத்த பிள்ளைகள்.

இம்மருந்துகள் செய்யும் வேலை யாது? ஹிஸ்டமினைப் பிடித்து அழிக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர், அவ்வாறன்று. திருவிழாக் காலத்துப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாக இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பின்னால் ஏறி வருகிறவர் எத்தனை பேராயினும் நின்றுகொண்டே போகவேண்டியதுதான். நரம்பிலும் இரத்தக் குழாயிலும் ஹிஸ்டமின் வந்து அமர்வதற்கென்று இருக்கைகள் உண்டு. ஏற்பிகள் என்பது அவற்றின் பெயர். ஹிஸ்டமின் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கலாம். ஏற்பியில் அமர்ந்தாலன்றி அதனால் ஒன்றும் செய்ய இயலாது. மருந்து அவ்விருக்கையில் துண்டு போடுகிறது.

பிற்கால ஆராய்ச்சி இவ்வுவமையைச் சிறிது திருத்தியது. இந்த இருக்கை மடக்கு நாற்காலி போன்றது. யாரும் அமராத போதும் தானாகவே அவ்வப்போது விரியும் இயல்புடையது. ஹிஸ்டமின் அமர்ந்தால் அது விரிந்தபடியே நிற்கும். மருந்து சேர்ந்தால் மடங்கிய நிலையிலேயே நிற்கும். எந்த உவமையை எடுத்துக்கொண்டாலும் அதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய உண்மை ஒன்று வெளிப்படுகிறது. ஆள் ஏறி அமர்ந்த பிறகு துண்டு போட்டு என்ன பயன்? வீங்கிவிட்ட மூக்கை மருந்து உடனே வற்றச் செய்யாது. இனி வீங்காதபடி தடுக்கும். ஆகவே ஐம்பது தும்மல் தும்மிய பிறகு மாத்திரையைத் தேடுவதைவிட, புல்வெளிக்குப் போகும் முன்னரே உண்பது மேல். மாத்திரை வேலை செய்யத் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும் என்று கொள்ளலாம். பருவம் முழுவதும் தொல்லைப்படுவோர் வேண்டும்போது மட்டும் உண்ணாமல் நாள்தோறும் ஒரே வேளையில் உண்ணுமாறு மருத்துவர்கள் கூறுவதும் இது கருதியே.

இனித் தூக்கத்தின் கதைக்கு வருவோம். ஹிஸ்டமின் மூக்கில் மட்டும் இருக்கும் பொருளன்று. மூளையின் அடிப்பகுதியில் ஹிஸ்டமினைத் தூதாக அனுப்பும் நரம்பணுக் கூட்டம் ஒன்று உண்டு. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளை முழுவதும் பரவி, 'விழித்திரு, விழித்திரு' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மூக்கிலே தொல்லை தரும் பொருள் மூளையிலே நம் விழிப்புக்குக் காவல். இரண்டு இடத்திலும் இருக்கை ஒரே வகை. மூத்த மருந்துகள் கொழுப்பில் எளிதில் கரைபவை. ஆதலால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைத் தாண்டிச் சென்று, மூளையிலுள்ள இருக்கைகளிலும் துண்டைப் போட்டுவிடுகின்றன. மூக்குக்கு அனுப்பிய ஆள் மூளையின் விளக்கையும் அணைத்துவிட்டு வருகிறான். டைஃபென்ஹைட்ரமினை வேறு பெட்டியில் வேறு பெயரிட்டுத் தூக்க மாத்திரையாகவே அமெரிக்காவில் விற்கிறார்கள் என்றால், வேறு சான்று எதற்கு?

தூக்கம் வந்தால் தெரியுமே, அப்போது எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நல்ல கேள்வி; விடைதான் நமக்குச் சாதகமாக இல்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அயோவா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வண்டி ஓட்டும் பயிற்சிப் பொறி ஒன்றில் நாற்பது பேரை அமர்த்திச் சோதித்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை டைஃபென்ஹைட்ரமின், ஒரு முறை ஃபெக்சோஃபெனடின் என்னும் புதிய மருந்து, ஒரு முறை மது, ஒரு முறை மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மூத்த மருந்தை உண்டபோது அவர்கள் ஓட்டிய விதம், மது அருந்தி ஓட்டியதைவிடவும் மோசமாக இருந்தது. புதிய மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வேறுபாடு காணவில்லை. இவற்றையெல்லாம்விட நாம் கருதத்தக்கது வேறொன்று. 'எனக்குத் தூக்கம் வருகிறது', 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று அவரவர் கூறியதற்கும், அவர்கள் வண்டி ஓட்டிய விதத்துக்கும் பொருத்தம் இல்லை. தன் அறிவு மங்குகிறது என்பதை அறியவேண்டிய அறிவே மங்கிவிட்டால், அளந்து சொல்வது யார்?

தொடக்கத்தில் சொன்ன ஜூன் மாதப் பரீட்சைக்கு இப்போது திரும்புவோம். 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, 15 முதல் 17 வயது வரையுள்ள 1,834 ஆங்கில மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் எழுதிய மாதிரிப் பரீட்சையில் பெற்ற தரத்தையும், கோடையில் எழுதிய இறுதிப் பரீட்சையில் பெற்ற தரத்தையும் ஒப்பிட்டனர். குளிர்காலத்தில் மகரந்தம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒப்பீட்டின் நயமே அங்குதான் இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் ஒவ்வாமையால் துன்புற்றவர்கள் ஏதேனும் ஒரு முக்கிய பாடத்தில் ஒரு தரம் இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 40 சதவிகிதம் அதிகமாக இருந்தது. தூக்கம் தரும் மருந்தை உண்டவர்களுக்கு அது சுமார் 70 சதவிகிதம். இந்த ஒரு கணக்கைக் கொண்டு முழுப் பழியையும் மருந்தின் மேல் போட்டுவிடக்கூடாது. நோய் கடுமையாக இருந்தவர்களே மருந்தை நாடியிருக்கவும் கூடும். ஆயினும், தும்மலை நிறுத்தினோம், இனி மாணவனுக்குக் குறையில்லை என்று எண்ணியிருந்த பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது ஓர் அதிர்ச்சி.

பல ஆண்டுகள் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்தவன் என்னும் முறையில் ஒன்று சொல்லுகிறேன். தும்முகிற மாணவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பரிவோடு தண்ணீர் கொடுப்பார்கள். ஒரே வினாவை மூன்று முறை படித்துக்கொண்டு சத்தமின்றி அமர்ந்திருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அவனும் தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை. 'நேற்று இரவுதானே உண்டேன்' என்று அவன் சொல்லலாம். குளோர்ஃபெனிரமின் உடம்பைவிட்டு மெதுவாகவே நீங்கும். இரவு உண்ட மருந்தில் பெரும்பகுதி மறுநாள் காலை மணி அடிக்கும் வேளையிலும் இரத்தத்தில் இருக்கும்.

மூளைக்குள் செல்லாத மருந்தைத் தேடும் முயற்சி இவ்வாறுதான் தொடங்கியது. அம்முயற்சியில் முதலில் புகழ் பெற்றது டெர்ஃபெனடின். 1980-களில் அது உலகெங்கும் விற்றது. தூக்கம் தராத மருந்து என்று கொண்டாடினர். பின்னர் ஒரு விபரீதம் வெளிப்பட்டது. கல்லீரல் அம்மருந்தை உடனே வேறொரு பொருளாக மாற்றிவிடும்; உண்மையில் தும்மலை நிறுத்தியது அந்த மாறிய பொருளே. எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளையும் உடன் உண்டால் கல்லீரலின் அவ்வேலை தடைப்பட்டு, மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் பெருகி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் அதனை விலக்கினர். அதற்குள் அந்த மாறிய பொருளையே தனியாகச் செய்து மருந்தாக்கியிருந்தனர். அயோவா பரிசோதனையில் நாம் சந்தித்த ஃபெக்சோஃபெனடின் அதுவே.

ஃபெக்சோஃபெனடின், லோராடடின், செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் ஆகியவை இளைய தலைமுறை. மூளைத் தடுப்பில் உள்ள சிறு இறைப்பிகள் இவற்றிற் சிலவற்றை உள்ளே வரவிடாமல் திருப்பி வெளியே தள்ளுகின்றன. இளையவை யாவும் ஒரு தரத்தன என்று எண்ணிவிடவும் கூடாது. ஜப்பான் நாட்டுத் தோஹோகு பல்கலைக்கழகத்தார், உயிருள்ள மனிதரின் மூளையைப் படம் பிடிக்கும் கருவியைக் கொண்டு, எந்த மருந்து எத்தனை இருக்கைகளைப் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்தனர். மூத்த மருந்துகள் பாதி இருக்கைகளையோ அதற்கு மேலோ பிடித்துக்கொண்டன. ஃபெக்சோஃபெனடின் ஏறத்தாழ ஒன்றையும் பிடிக்கவில்லை. செட்டிரிசின் 10 மில்லிகிராம் உண்டபோது எட்டில் ஒரு பங்கு. அதையே 20 மில்லிகிராம் உண்டபோது நான்கில் ஒரு பங்கு. 'ஒன்று போதவில்லை, இரண்டாகப் போடு' என்று வீட்டில் சொல்லும் வழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. செட்டிரிசினின் வழக்கமான அளவிலும் நூற்றில் பதினான்கு பேருக்குத் தூக்கம் வந்தது. வெறும் மாத்திரை உண்டோரில் அது ஆறு பேர்.

உண்ணும் முறையில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழரசத்தோடு விழுங்கினால் குடல் அதனை நன்கு ஏற்பதில்லை, பயன் குறைந்துவிடும். வெறும் தண்ணீரே அதற்கு ஏற்றது. சிறுநீரகக் குறை உடையவர்களுக்குச் செட்டிரிசினின் அளவைக் குறைக்க வேண்டும். மூத்த மருந்துகள் வாயை உலர்த்தும்; முதியவர்களுக்குச் சிறுநீர் தடைப்படவும், மனம் குழம்பவும் செய்யும். ஆகையால் உங்களுக்குக் கொடுத்த மாத்திரையைப் பாட்டிக்குப் பகிர்ந்தளிக்க வேண்டாம். கடைகளில் 'சளி மாத்திரை' என்று விற்கும் கலவைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்திருக்கிறது. அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படித்தாலன்றி அது தெரியாது. இன்னொரு மாத்திரையும் உண்பவர் அறியாமலே இரட்டிப்பாக உண்டுவிடுவார்.

இம்மாத்திரைகளால் ஆகாதவையும் உண்டு. தும்மல், அரிப்பு, நீர் வடிதல் இவற்றுக்கு இவை நன்று. மூக்கடைப்புக்கு அவ்வளவாகப் பயனில்லை. மூக்கடைப்பு மிகுந்து நாள்தோறும் வருந்துவோர்க்கு, மூக்கிலே பீய்ச்சும் ஸ்டீராய்டு மருந்து மாத்திரையினும் மேலானது. மூச்சிரைப்பை இவை தீர்க்கமாட்டா. வேர்க்கடலையாலோ குளவிக் கொட்டாலோ உடம்பு முழுதும் தடித்து, தொண்டை அடைத்து, மயக்கம் வந்தால் அது வேறு நிலைமை. அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

நம் நாட்டில் இந்நோயின் போக்கு சற்றே வேறு. சீமைக்கருவேலம், பார்த்தீனியம் முதலியவற்றின் மகரந்தம் இங்கும் பலரைத் தும்மவைக்கின்றது. ஆயினும் படுக்கையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளால் ஆண்டு முழுவதும் தும்முவோர் இங்கு மிகுதி. இங்கிலாந்துக்காரர் புல் ஓய்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார். நம்மவர் மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காகவும், உண்டுகொண்டே இருக்கின்றனர். இத்தகையோர் கவனிக்கத்தக்க எச்சரிக்கை ஒன்றை 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளியிட்டது. செட்டிரிசினையோ லெவோசெட்டிரிசினையோ நெடுநாள் நாள்தோறும் உண்டுவந்து நிறுத்தியவர்களில் மிகச் சிலருக்கு, நிறுத்திய சில நாட்களில் உடலெங்கும் பொறுக்கவொண்ணா அரிப்பு உண்டாயிற்று. மீண்டும் அம்மருந்தைத் தொடங்கியபோது பெரும்பாலோருக்கு அரிப்பு அடங்கியது. பின்னர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்ததில் சிலர் அதனின்றும் விடுபட்டனர். எனவே நெடுநாள் உண்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல், நிறுத்தும் முறையை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.